ஒரே குடையில் நிற்காத இருவர்

1993 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, மதுரையிலிருந்து கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தளவாய்புரம், தேவதானம் என்று நான்கு ஊர்களுக்கும் ஒரே பகலில் போய்த் திரும்பினேன். இந்தப் பக்கம் போகிறவர்கள் என்னிடம் பஸ் நேரம் கேட்பார்கள், தங்க இடம் கேட்பார்கள். நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இதுவரை எழுதியதில்லை. அது சுற்றிப் பார்க்கப் போன பயணம் அல்ல. நான் வரைந்த ஒரு பட அட்டையில் ஒரு பொய் இருந்தது. அது பொய்தான் என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டு வரப் போனேன்.

முதலில் அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. ராஜபாளையத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்த சீனிவாசன் என்பவர் தெரிந்தவர் மூலம் என்னைத் தேடி வந்தார். வெளிநாட்டிலிருந்து அவருடைய தம்பி பட அட்டைகள் அனுப்புவாராம். ஒன்றில் பாலம், ஒன்றில் சந்தை, ஒன்றில் ரொட்டி விற்கும் பெண். "நம்ம ஊருக்கு என்ன கொறச்சல் டீச்சர்? வர்றவங்க வாங்கி நாலு பேருக்கு அனுப்பட்டுமே" என்றார். பெரிய இடங்கள் மட்டும் வேண்டாம், சாதாரண ஜனங்களும் வரவேண்டும் என்று அவரேதான் சொன்னார். எனக்கும் அதுதான் பிடித்தது.

1992 ஆனி மாதம் பன்னிரண்டு நாள் லாட்ஜில் தங்கி எட்டுப் படங்கள் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம், விறகடுப்பில் பால்கோவா கிண்டும் இருவர், ஆண்டாள் கையில் வைக்கும் இலைக்கிளி, ராஜபாளையம் நாய், மாம்பழ மண்டி, மில் வாசலில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள், மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. எட்டாவது, 'சாரல்'.

ஆனி, ஆடியில் மலையிலிருந்து ராஜபாளையத்துக்குச் சாரல் இறங்கும். நனைத்துவிடாது, சும்மா முகத்தில் தெளிக்கும். அப்படி ஒரு மாலையில், நாலு மணி இருக்கும், பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நின்றாள். மில் வேலை முடிந்து ஊருக்குப் போகிறவள். கையில் பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய வயர் கூடை. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் அவளை வரைந்தேன். மறுநாள் காலை வேறொரு தெருவில் ஓர் ஆள். சைக்கிள் கேரியரில் மருத்துவமனைக்குப் போகும் கட்டுத் துணி மூட்டை. மூட்டை நனையக்கூடாது என்று குடையை அதன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி நின்றார். அவரையும் வரைந்தேன்.

லாட்ஜுக்கு வந்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தனித்தனியாக இரண்டுமே அட்டைக்குப் போதவில்லை. சைக்கிளையும் மூட்டையையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெண்ணை நிறுத்தினேன். குடை இப்போது அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அவள் முகம் கொஞ்சம் கடுகடுவென்று இருந்தது. உதட்டோரம் இரண்டு கோடு போட்டேன், சிரித்தாள். படம் எழுந்து நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சிவகாசியில் அச்சாகி, தைப் பொங்கலுக்குக் கடைக்கு வந்தது. எட்டில் 'சாரல்'தான் முதலில் தீர்ந்தது. சீனிவாசன் அதை மட்டும் மறுபடி அடித்தார்.

புரட்டாசி பிறந்து ஒரு வியாழக்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. அந்த அட்டையின் பின்பக்கத்திலேயே, நுணுக்கி எழுதியிருந்தது. முகவரி சீனிவாசன் கடையில் வாங்கியிருக்கிறாள்.

"அக்காவுக்கு வணக்கம். என் பேர் மாரீஸ்வரி. ஊர் தேவதானம். இந்தப் படத்தில் நிக்கிற பிள்ளை நான்தான். பக்கத்தில் இருக்கிற ஆளை எனக்குத் தெரியாது. நான் யாருகூடவும் நிக்கவில்லை. எனக்குப் பேசி வைத்திருந்த இடம் இதனால் முறிந்துவிட்டது. மில்லுக்கும் அனுப்பவில்லை. நீங்கள் ஒரு தடவை வந்து எங்க அப்பாகிட்ட சொன்னால் போதும். புரட்டாசி முடியுறதுக்குள்ள வாங்க."

வெள்ளிக்கிழமை காலாண்டுத் தேர்வு மேற்பார்வை இருந்தது. சனிக்கிழமை கிளம்பினேன். தைரியமாகத்தான் கிளம்பினேன், ஏனென்றால் அந்த இரண்டு தாளும் என் வரைநோட்டில் அப்படியே இருந்தன, வேறு வேறு தேதி போட்டு. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

மதுரையில் 5.40-க்குச் செங்கோட்டை பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் 74 கிலோமீட்டர், டிக்கெட் பத்தரை ரூபாய் (இதில் வரும் கட்டணமெல்லாம் அந்த வருடத்தது). புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இந்த வழியில் போவதைத் தவிர்க்கலாம். திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகும் கூட்டம் கல்லுப்பட்டியிலேயே படியில் தொங்கும். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் குன்றின்மேல் இருக்கும் பெருமாள் கோயில். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா துளசி மாலையை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்களும் மலைக்கா?" என்று கேட்டார். இல்லை, ஒரு வீட்டுக்கு என்றேன். "நல்ல காரியமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

7.50-க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். நேராக ராஜபாளையம் போயிருக்கலாம். ஆனால் கோயில் தெருக் கடைகளிலும் அட்டை விற்கிறது என்று தெரியும். எடுத்து வைத்துவிடச் சொல்லலாம் என்று எண்ணம். பஸ் நிலையத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடம். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, மூன்று ரூபாய் எழுபது காசு. (சாம்பார் தண்ணீராக இருந்தது. அது நினைவில் இருப்பது ஆச்சரியம்தான்.)

கோபுரத்துக்கு முன்னால் மூன்றாவது கடை பால்கோவாக் கடை. கண்ணாடிப் பெட்டிக்கு மேலே கம்பியில் என் எட்டுப் படங்களும் தொங்கின. வேட்டி கட்டிய ஒருவர், திருச்சிப் பக்கத்து ஆள் போல, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். கோபுரம் வேண்டாம் என்றார். 'சாரல்' எடுத்தார்.

"அந்தப் படத்துல உள்ளவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்க சார்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

அவர் என்னையும் அட்டையையும் பார்த்தார். "படம்தானேம்மா" என்றார். "புதுசா கல்யாணமான மகளுக்கு அனுப்பப் போறேன். எவ்வளவு அன்னியோன்யமா இருக்கு பாருங்க."

கடைக்கார அம்மாளிடம், அட்டையை வரைந்தது நான்தான், இதை மட்டும் விற்க வேண்டாம் என்று சொன்னேன். அவருக்குப் பெருமையாகிவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "இதத்தான டீச்சர் எல்லாரும் கேக்காக. இதப் போயி வேண்டாங்கீகளே" என்றார். ஒரு பெண்ணின் வாழ்க்கை இதனால் கெட்டுப்போனது என்றேன். "எந்தப் பிள்ள? இந்தப் பிள்ளையா?" என்று அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் புருவத்தைப் பார்த்தார். இதுவரை தெரியாத ஒருவருக்கு நானே அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். அடுத்தடுத்த கடைகளுக்குப் போகாமல் பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் 12 கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய், அரை மணி. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு. 9.30-க்குச் சீனிவாசன் கடையில் இருந்தேன். அவர் உள்ளே மனைவியிடம் தெலுங்கில் காபி போடச் சொல்லிவிட்டு, அட்டை இருந்த அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"தெரியும் டீச்சர். அந்தப் பிள்ள இங்க வந்துதான் உங்க அட்ரஸ் கேட்டுச்சு. நானே எழுதணும்னு நெனச்சேன்" என்றார்.

மில்லில் கூட வேலை பார்க்கும் பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கூடையையும் தழும்பையும் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அவளும் சிரித்திருக்கிறாள். பிறகு அந்த ஆளையும் யாரோ அடையாளம் கண்டுவிட்டார்கள். ஜேசுராஜ், தளவாய்புரத்துக்காரர், கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது.

"அதோட, அவிய வேற ஆளுக டீச்சர்" என்று சீனிவாசன் குரலைத் தாழ்த்தினார். "ஒரே தெருக்காரன்னா பேசி முடிச்சிருப்பாக. இது அப்படி இல்ல. பிள்ளையோட ஊருக்காரவுக நாலு பேரு தளவாய்புரத்துக்கே தேடிப் போயிட்டாக. நல்லவேள, அன்னைக்கி அவரு வீட்ல இல்ல."

நான் தாள்களைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூட்டை இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இப்படியே போட்டிருக்கலாமே" என்றார்.

மிச்சமிருந்த 'சாரல்' அட்டைகளை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். இனி அடிக்கமாட்டேன் என்றும் சொன்னார். சொன்னபடி செய்தார், அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஜேசுராஜைப் பார்த்து, அவரையும் ஒரு வார்த்தை சொல்ல வைத்தால் பலமாக இருக்கும் என்று தோன்றியது. 10.20-க்குத் தளவாய்புரம் டவுன் பஸ். முக்கால் மணி நேரம், இரண்டு ரூபாய். தளவாய்புரம் பெரிய கிராமம். தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம் கேட்கும். ஜேசுராஜ் வீடு ஊரின் மேற்குக் கோடியில், குகை போலக் கட்டிய சின்ன மாதா கெபிக்குப் பின்னால். அவருடைய மனைவி ரோஸ்மேரி வாசலிலேயே மெஷின் போட்டு நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயது இருக்கலாம். நான் யார் என்று சொன்னதும் மெஷினிலிருந்து காலை எடுத்தார்.

"அவிய ஊர விட்டுப் போயி நாலு மாசம் ஆச்சு. திருப்பூர்ல இருக்காக" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். தாள்களைக் காட்டினேன். கணவர் குடை பிடித்து நிற்கும் தாளை அவர் கையில் வாங்கவில்லை, நான் பிடித்திருக்கவே குனிந்து பார்த்தார்.

"துணி மூட்டைக்குத்தான் கொட பிடிச்சாகளா?"

"ஆமா. மூட்டைக்குத்தான். அந்தப் பொண்ணு நின்ன நேரத்துல இவர் அங்க இல்லவே இல்ல."

"அவியளும் அதத்தான் சொன்னாக. மாதா மேல சத்தியம் பண்ணுனாக." உள்ளே போய் வேதப் புத்தகத்தைக் கொண்டுவந்து நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். என் அட்டையில் பாதி. பெண்ணை வெட்டி எடுத்துவிட்டு ஆளை மட்டும் வைத்திருந்தார். வெட்டு நேராக இல்லை. அவள் தோளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. "அவியளுக்கு வேற போட்டோ கெடையாது டீச்சர். கல்யாணத்துக்குக்கூட எடுக்கல. பிள்ளைக்குக் காட்டுறதுக்கு இதான் இருக்கு."

துண்டை மறுபடி புத்தகத்துக்குள் செருகினார்.

"அவிய பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும்" என்றார் ரோஸ்மேரி. "ஆனா இத எடுத்துப் பாக்கும்போது தெரிய மாட்டேங்கி. அம்புட்டு ஆசயா கொட பிடிச்சிருக்காக. எனக்கு ஒருநாளும் அப்படிப் பிடிச்சதில்ல."

தேவதானத்துக்கு என்னோடு வந்து, அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் பழக்கமில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன். கேட்டபோது அதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நாங்க அந்தத் தெருவுல போயி நின்னு பேசவா? நீங்க போங்க டீச்சர். உங்கள உக்காரவச்சுக் காப்பி குடுப்பாக" என்று சொல்லிவிட்டுத் துணியை ஊசிக்குக் கீழே தள்ளினார்.

தளவாய்புரத்திலிருந்து சேத்தூருக்கு ஷேர் ஆட்டோ மாதிரி ஒரு வண்டி, பின்னால் எட்டுப் பேர், தலைக்கு இரண்டு ரூபாய். டிரைவர், சேத்தூரில் பஸ் வர நேரமாகும் என்று சொல்லி என்னை மெயின் ரோட்டில் தேவதானம் பிரியும் விலக்கு வரைக்கும் கொண்டுவிட்டார். "கோயிலுக்குப் போறீகளா? பன்னெண்டு மணிக்கு நட சாத்திருவாகளே" என்றார். வீட்டுக்கு என்றேன். "யார் வீடு?" என்றார். பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார்.

தேவதானம் வயல்காடு சூழ்ந்த ஊர். மேற்கே மலை கையெட்டும் தூரத்தில் நிற்பது போல இருக்கும். நடவு முடிந்து வயலெல்லாம் பச்சையாக இருந்தது. எட்டாவது அட்டைக்கு இந்த மலையை வரைந்துவிட்டு மதுரைக்குப் போயிருந்தால் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்திருப்பார்கள் என்று நடந்துகொண்டே நினைத்தேன். மணி பன்னிரண்டே கால்.

மாரீஸ்வரியின் அப்பா காளிமுத்து வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் மனைவி கேட்காமலே காபி கொண்டுவந்தார். நான் அதை வாங்கிக் குடித்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தேதியைக் காட்டினேன், மூட்டையைக் காட்டினேன், இரண்டையும் எப்படிச் சேர்த்தேன் என்று அவர் முன்னாலேயே தாளில் பென்சிலால் போட்டுக் காட்டினேன். பாடம் நடத்துவதுபோல. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நம்பாம இல்ல டீச்சர்" என்றார் கடைசியில். "நீங்க வரும் முன்னயே நம்பத்தான் செஞ்சேன். எம்மக மேல ஒருநாளும் நான் சந்தேகப்படல."

"அப்புறம் ஏன்?"

"நான் ஒருத்தன் நம்பி என்ன செய்ய? பொண்ணு கேட்டு வந்தவுக, பேச்சு முடியுற நேரத்துல பையிலருந்து அட்டைய எடுத்து நீட்டுதாக. கூடயும் அவ கூட. தழும்பும் அவ தழும்பு. இது எம்மக இல்லன்னு சொல்ல முடியுமா? அந்த ஆளு அங்க நிக்கலன்னு நான் சொன்னா, பெத்தவன் வேற என்னத்தச் சொல்லுவான்னு போறாக."

அந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே வந்து சொல்கிறேன் என்றேன். எழுதித் தருகிறேன், பள்ளி முத்திரையோடு தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் டீச்சர். மதுரையிலருந்து ஒரு அம்மா இம்புட்டுத் தூரம் வந்து சொல்லுதாகன்னா, இதுல என்னமோ இருக்குன்னுதான் பேசுவாக. ஒண்ணுமில்லாத காரியத்துக்கு யாரு வருவா?" வார்த்தையில் குத்தல் இல்லை. சோர்ந்துபோயிருந்தார். "சங்கரன்கோவில் பக்கம் ஒரு எடம் அமஞ்சிருக்கு. மொத தாரம் தவறிப்போச்சு. ரெண்டு பிள்ளைக. அவுக அட்டைய பாத்துட்டாக, பரவால்லன்னுட்டாக. ஐப்பசி மொத முகூர்த்தத்துல வச்சாச்சு."

நான் மாரீஸ்வரியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பின்பக்கம் கையைக் காட்டினார்.

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் விறகுக்குப் பருத்திமார் அடுக்கிய இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பேசியது முழுவதும் அவளுக்குக் கேட்டிருக்கும். அட்டையில் இருப்பதைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். பத்தொன்பது வயது.

"வந்துட்டீகளேக்கா. வரமாட்டீகன்னு நெனச்சேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் மில்லைப் பற்றிச் சொன்னாள். அறுந்த இழையை ஒட்டி மெஷினை ஓட்டும் வேலை. மூன்று வருடம் பழகுநராக இருந்து, வரும் தையோடு நிரந்தரமாகியிருக்க வேண்டியது. "ஒரு நிமிசத்துல பத்து எழ ஒட்டுவேன்க்கா. எங்க செக்‌ஷன்ல யாருக்கும் அம்புட்டு வராது."

பிறகு நோட்டைப் பார்க்கக் கேட்டாள். அவள் தனியாக நிற்கும் தாளைத் திறந்து கொடுத்தேன். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுல நான் சிரிக்கலையே."

"இல்ல. அத நான் பிறகு போட்டேன்."

"அன்னைக்கி எனக்கு வயித்து வலிக்கா. நிக்கவே முடியல. எப்படா பஸ் வரும்னு இருந்துச்சு." தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "நீங்க எதுத்தாப்புல உக்காந்து வரையுறத நான் பாத்தேன். பாக்காத மாதிரி நின்னேன். நம்மளையும் ஒருத்தர் வரையுதாகளேன்னு... செத்த நேரம் வலியே தெரியல."

தாளைக் கிழித்து அவளிடம் நீட்டினேன். உன்னுடையது, வைத்துக்கொள் என்றேன். வாங்கினாள். மடிக்கப் போனாள். மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாங்க்கா. போற எடத்துல இத யாராச்சும் பாத்தா, இதுக்கும் ஒரு கேள்வி வரும்."

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். "வாரேன்" என்றாள். போகும்போது, "நீங்க சாப்பிட்டுப் போங்க, மத்தியானம் ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சாப்பிடவில்லை.

விலக்கில் 1.35-க்கு ராஜபாளையம் பஸ், அங்கிருந்து 2.30-க்கு மதுரை பஸ். ஆறு மணிக்கு முன்னால் வீடு வந்துவிட்டேன். ஒரே நாளில் நான்கு ஊர், செலவு நாற்பது ரூபாய்க்குள். பயணம் என்ற அளவில் எந்தத் தடங்கலும் இல்லை.

துணிப்பையில் இருந்த அட்டைகளை அடுத்த வாரம் கிழித்துப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு சீனிவாசனிடம் விசாரித்தேன், நடந்துவிட்டது என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. தேவதானத்துக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். அந்த வீட்டில் பதில் எழுதக்கூடியவள் ஒருத்திதான், அவள் அங்கே இல்லை. ரோஸ்மேரிக்கு எழுதவே கை வரவில்லை. ஜேசுராஜ் குடும்பத்தையும் திருப்பூருக்கே அழைத்துக்கொண்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். உண்மையா என்று தெரியாது.

1995-ல் உசிலம்பட்டியில் ஒரு மிட்டாய்க் கடையில் தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கியது. அதே சாரல், அதே குடை. எங்கோ யாரோ அட்டையைப் பார்த்துப் பெரிதாக நகலெடுத்து வரைந்திருந்தார்கள். அவள் சேலை சிவப்பாகியிருந்தது, கன்னத்தில் குழி விழுந்திருந்தது, அந்த ஆள் இன்னும் நெருங்கி நின்றார். தழும்பை மட்டும் விடாமல் போட்டிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ட கடைக்காரர், "புடிச்சிருக்கா? வருசம் முடியப்போவுதே, எடுத்துக்கங்க" என்று ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தார். எத்தனை ஊரில், எத்தனை ஆணியில் தொங்குகிறது என்று அவரிடம் கேட்டு என்ன பயன்?

அதற்குப் பிறகு நான் அட்டை வரையவில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்குப் பூச்சாடி, பழக்கூடை வரையச் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆனி, ஆடியில் போங்கள். வெயில் தாழ்ந்திருக்கும், மாம்பழத்தின் கடைசி வரத்தும் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் காலை எட்டுக்கு முன்னால் போனால் நின்று பார்க்கலாம். பால்கோவாவை அன்றைக்குக் கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள். தேவதானம் கோயிலுக்குப் பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். படம் வரைகிறவர்களும் எடுக்கிறவர்களும், அந்த ஊரில் எதிரே நிற்பவரிடம் எழுந்து போய்ப் பெயரைக் கேளுங்கள். தெருவைக் குறுக்கே கடக்க வேண்டும், அவ்வளவுதான். நான் இருபது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடக்கவில்லை.

தென்காசி, குற்றாலம் பக்கம் போகிறவர்களுக்கு: மதுரை பஸ்கள் தேவதானம் விலக்கில் நாலு நிமிடம் போல நிற்கும், டிரைவர் டீ குடிப்பார். 1997-ல் பள்ளிப் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனபோது அப்படி நின்றது. கல்யாணமாகிப் போன பெண் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கலாம்; அது ஆடி மாதம். அவள் வீடு விலக்கிலிருந்து ஏழு நிமிட நடை. பிள்ளைகள் ஜன்னல் வழியாக மலையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கிளாஸை வைத்துவிட்டு வந்து ஏறினார். அந்த நாலு நிமிடமும் நான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன், வெளியே நிற்கும் யாருக்கும் என் முகம் தெரிந்துவிடக்கூடாது என்று.